தட்டினால் வருவதா, தானாக வருவதா, கையால் மாட்டுவதா? டெல்டா மண்ணுக்கு ஏற்ற நைலான் ஹெட் எது

புல் வெட்டும் மெஷின் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் எத்தனை சிசி, டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா, தோளில் மாட்டுவதா முதுகில் சுமப்பதா என்று நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறார்கள். அடியில் சுற்றி, நைலான் கயிற்றால் புல்லை அடித்து வெட்டுகிற நைலான் ஹெட்டைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. பெட்டியில் என்ன வந்ததோ அதை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு ஐப்பசி மழையில் வரப்பில் நின்றபடி, "தட்டுறேன் தட்டுறேன், கயிறு வரவே மாட்டேங்குதுண்ணே" என்று ஒருவர் போன் செய்கிறார். "கயிறு கண்டபடி தீருது, கட்டுப்படியாகலை" என்கிறார் இன்னொருவர். "தானா கயிறு விடுற ஹெட்டு வந்திருக்காமே, அதையே வாங்கிடலாமா?" என்பது அடுத்தவர் கேள்வி.

மூன்று பேருக்கும் ஒரே ஹெட்டைச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேரும் கேட்பது ஒரே விஷயத்தைத்தான்: தேய்ந்துபோன கயிறுக்குப் பதில் புதுக் கயிறு எப்படி வெளியே வரவேண்டும்? இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்த ஒரு இடம் சரியில்லை என்றால் பாதி நாள் ஹெட்டோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். என்னைக் கேட்டால், டெல்டாவில் இதை முடிவு செய்யவேண்டியது மண்தான். கம்பெனியும் விலையும் அப்புறம்.

## எதை வைத்துப் பார்ப்பது

முதலில் மண்ணின் ஈரம். நம் ஊரில் ஒரே வரப்பு ஐப்பசியில் கால் புதையும் களி. சித்திரையில் மண்வெட்டி துள்ளும் கட்டாந்தரை. மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் குறுவைக்காக வரப்பைச் சுத்தம் செய்வதும், சம்பா நட்டபின் வடகிழக்குப் பருவமழையில் அதே வரப்பைச் செதுக்குவதும் நமக்கு ஒரே வேலை. ஹெட்டுக்கு அவை இரண்டு வேறு வேலைகள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போனால் கதை மறுபடியும் மாறும். 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதி அது. பழைய டெல்டாவின் கனத்த களி அங்கே குறைவு. மணல் கலந்த மண் அதிகம்.

இரண்டாவது, எதை வெட்டுகிறோம் என்பது. அருகு, கோரை, வரப்போரப் புல் எல்லாம் நைலானுக்கு அடங்கும். வாய்க்கால் கரையில் நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, தண்டு முற்றிய நாணல், கருவேலங்கன்று ஆகியவை அடங்காது. எந்த ஹெட் போட்டாலும் அடங்காது.

மூன்றாவது, வெட்டிய புல் எங்கே போகிறது என்பது. இதை யாருமே கேட்பதில்லை, அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். வரப்புப் புல் மாட்டுக்குப் போகிற வீடு என்றால், நைலான் துண்டுகள் கலந்த புல்லை மாடு தின்னும். அது செரிக்காத பொருள். இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, மெஷின் யார் கையில் இருக்கும் என்பது. சொந்தக்காரரே ஓட்டுகிறாரா, கூலிக்கு வருபவரா, வீட்டில் ஆளுக்கு ஒரு நாளா? ஒருவர் கைப்பழக்கத்தில் நன்றாக ஓடும் ஹெட், நாலு கை மாறினால் ஒரே வாரத்தில் பாழாகும்.

கடைசியாக, பில்லில் வராத செலவு. ஹெட் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும். வீணாகும் கயிறு, ஹெட்டைக் கழற்றி மாட்டும் நேரம், சூடாகிக் கருகும் கிளட்ச், இவைதான் பின்னால் கையைக் கடிக்கும்.

## கயிறு வெளியே வருவது எப்படி

தட்டினால் வரும் ஹெட், தானாக வரும் ஹெட் இரண்டுமே மையவிலக்கு விசையை நம்பியவை. உள்ளே கயிற்றைத் தள்ளிவிட மோட்டார் கிடையாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கயிறு சுற்றும் வேகத்தில் வெளிப்பக்கம் இழுக்கிறது. உள்ளே ஸ்பூலை, அதாவது கயிறு சுற்றியிருக்கும் உருளையைப் பிடித்திருக்கும் பல் ஒரு நொடி விட்டால் போதும், அந்த இழுப்பே அடுத்த துண்டை வெளியே கொண்டுவந்துவிடும். வேகம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,000 சுற்று, வெட்டும் வட்டம் 40 செ.மீ. அகலம் என்றால் கயிற்றின் நுனி விநாடிக்கு ஏறக்குறைய 145 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 500 கி.மீ.க்கு மேல்.

இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடும். கயிறு குட்டையாகக் குட்டையாக இழுப்பு படுவேகமாகக் குறையும். 12 செ.மீ. விட்டமுள்ள ஹெட்டில் 14 செ.மீ. கயிறு வெளியே இருந்தபோது இருந்த இழுப்பு, அது தேய்ந்து 4 செ.மீ. ஆகும்போது, அதே வேகத்தில், ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். "தட்டினால் வரவில்லை" என்கிற புகாரில் பெரும்பங்கு இதுதான். ஹெட்டில் கோளாறே இருக்காது. தட்டவேண்டிய நேரத்தைத் தாண்டியபிறகு தட்டியிருப்பார்கள். சத்தம் கூர்மையாகி, புல் வெட்டுப்படாமல் சாய ஆரம்பிக்கிறதா? அப்போதே தட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று விரல் அகலத்துக்குத் தேய்ந்தபின் எத்தனை தட்டு தட்டினாலும் பயனில்லை. மெஷினை நிறுத்தி, கையால்தான் இழுத்துவிட வேண்டும்.

## தட்டினால் வரும் ஹெட்

கடைகளில் டாப் அண்ட் கோ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இது. பெரும்பாலான பெட்ரோல் மெஷின்களோடு வருவதும் இதுதான். அடியில் ஒரு குமிழ், உள்ளே ஸ்பூல், இரண்டுக்கும் நடுவே ஸ்பிரிங். சுற்றிக்கொண்டிருக்கும்போது குமிழைத் தரையில் லேசாகத் தட்டினால் ஸ்பூல் மேலே ஏறும், பல் விலகும், கயிறு சில செ.மீ. வெளியே பாயும். ஸ்பிரிங் ஸ்பூலை மறுபடி கீழே தள்ளி அடுத்த பல்லில் உட்கார வைக்கும். மிச்சமாக நீண்டதை, ஹெட்டுக்கு மேலே இருக்கும் பாதுகாப்பு மறைப்பான கார்டில் உள்ள சின்னக் கத்தி நறுக்கிவிடும்.

உலர்ந்த, ஓரளவு இறுகிய தரையில் இதற்கு ஈடு கிடையாது. மெஷினை நிறுத்த வேண்டாம், குனிய வேண்டாம், எப்போது எவ்வளவு கயிறு என்பது உங்கள் கையில். தென்னந்தோப்பு, களம், ரோட்டோரம், கோடையில் வாய்க்கால் கரை, இந்த இடங்களில் வேறு ஹெட்டைத் தேடவே வேண்டாம்.

சேற்றில்தான் சிக்கல். குமிழ் மேலே ஏற வேண்டுமென்றால் தரை அதை எதிர்க்க வேண்டும். நனைந்த களி எதிர்க்காது, குமிழை உள்வாங்கிக்கொள்ளும். நாலு முறை ஓங்கித் தட்டினால் கயிறு வராது; குமிழுக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் களி போய் அடைத்துக்கொள்ளும். வெயிலில் அது காய்ந்து இறுகினால் குமிழ் அசையவே அசையாது. சம்பா வயலில் வேலை செய்த ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் உட்காரும் குழி முழுக்க சாம்பல் நிறக் களியும், அதில் அறுந்த கோரை நாரும் சுருண்டு கிடக்கும். ஈர வரப்பில் இதையே பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், வண்டிப்பாதையிலோ ஒரு காய்ந்த தென்னை மட்டை மேலோ தட்டுங்கள். சிமெண்டுக் களத்தில் வேண்டாம். குமிழ் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும். வேலை முடிந்த அன்றே திறந்து தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் ஸ்குரூடிரைவர் தேடவேண்டி வரும்.

பட்டுக்கோட்டைப் பக்க மணலில் வேறு விதம். மணல் அடைத்துக்கொள்ளாது, அரைக்கும். குமிழும் ஸ்பூல் பல்லும் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தால் தட்டாமலேயே கயிறு வந்துகொண்டிருக்கும். கயிறு திடீரென்று அதிகம் தீர்கிறது என்பவர்கள் முதலில் அந்தப் பற்களைப் பார்க்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் உப்புக் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்த மறைமுகச் செலவு கார்டு. புல் சுற்றிக்கொள்கிறது என்று கார்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு வருபவர்கள் நம் பக்கம் நிறைய. கார்டோடு அந்தச் சின்னக் கத்தியும் போய்விடுகிறது. அப்புறம் ஒவ்வொரு தட்டுக்கும் கயிறு நீண்டுகொண்டே போகும். நீளமான கயிறைச் சுற்ற இன்ஜின் திணறும், வேகம் இறங்கும், கிளட்ச் நழுவிச் சூடாகும். "மெஷின் இழுக்கலை" என்று மெக்கானிக்கிடம் போகும் வண்டிகளில் கார்டு இல்லாதவற்றைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் கிளட்ச் செலவு தேவையே இல்லாதது. கண்ணில் தெறிக்கும் கல்லையும் சங்கு ஓடுகளையும் தடுப்பதும் அதே கார்டுதான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கயிறு சுற்றுவதில் உள்ள சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஹெட்டின் பெயர் கெடுவது பாதி இதனால்தான். கயிறை நடுவில் மடித்து, ஒரு பக்கம் ஒரு சாண் நீளமாக விட்டு, மடிப்பை ஸ்பூலின் வெட்டில் மாட்டுங்கள். ஸ்பூலில் அம்புக்குறி இருக்கும். அந்தப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். இரண்டு இழையும் அதனதன் பள்ளத்தில், இறுக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படிய வேண்டும். தளர்வாகவோ குறுக்கும் நெடுக்குமாகவோ சுற்றினால், ஓடும்போது ஏற்படும் அதிர்வும் உராய்வும் சூடாக்கி, உள்ளே இழைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்பூல் நிறையக் கயிறு இருக்கும், ஒரு செ.மீ. கூட வராது. அதை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. ஸ்பூல் விளிம்பு வரை திணிப்பதும் இதே வினையில்தான் முடியும். நடுத்தர ஹெட்டுக்கு 2.4 மி.மீ. கயிறு ஐந்து முதல் ஏழு மீட்டர் போதும்.

ஹெட்டைத் திறக்காமலேயே, பக்கத்து ஓட்டையில் கயிறை விட்டு மறுபக்கம் இழுத்து, குமிழைத் திருகியே சுற்றிக்கொள்ளும் மாடல்கள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல். தட்டும் ஹெட்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் இந்த வகையை வாங்குங்கள். கூலிக்கு வருபவர் சுற்றினாலும் ஓரளவு ஒழுங்காக உட்காரும்.

## தானாக வரும் ஹெட்

இதில் இரண்டு வகை. பேட்டரியிலும் கரண்டிலும் ஓடும் சிறிய மெஷின்கள் பலவற்றில், ட்ரிக்கரை விட்டு மறுபடி அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஸ்பூல் ஒரு பல் நகர்ந்து கொஞ்சம் கயிறு விடும். இன்னொரு வகையில், கயிறு குட்டையானால் காற்றின் தடை குறைந்து ஹெட் வேகமாகச் சுற்றும். அந்த வேகத்தில் உள்ளே ஒரு நெம்பு வெளியே தள்ளப்பட்டு ஸ்பூலை விடுவிக்கும். கயிறு நீண்டதும் வேகம் இறங்கி நெம்பு பழைய இடத்துக்கு வந்துவிடும். பெட்ரோல் மெஷின்களுக்கும் இப்படித் தானியங்கி ஹெட்கள் உண்டு. ஸ்டில் கம்பெனியின் சூப்பர்கட் அந்த வகை. அவர்களுடைய ஆட்டோகட், பெயர் அப்படி இருந்தாலும், தட்டினால் வரும் ஹெட்தான். பெயரைப் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

தட்டவே வேண்டாம் என்பதால் சேற்றுக்கு இதுதான் சரி என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தரையில் தட்டும் தேவை போய்விடுகிறது, உண்மைதான். ஆனால் உள்ளே நெம்பும் குட்டி ஸ்பிரிங்கும் சேர்ந்து நுணுக்கமாக அசையவேண்டிய ஏற்பாடு அது. களியும் நாரும் புகுந்தால் தட்டும் ஹெட்டைவிடச் சீக்கிரம் முரண்டு பிடிக்கும். திறந்து சரிசெய்வதும் கடினம்; திருவாரூரிலோ மன்னார்குடியிலோ எல்லாக் கடையிலும் உதிரிபாகம் கிடைத்துவிடாது.

ட்ரிக்கர் வகையில் இன்னொரு விரயம். மரத்துக்கு மரம் நகரும்போதெல்லாம் ட்ரிக்கரை விட்டு விட்டுப் பிடிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். ஒவ்வொரு பிடிக்கும் கயிறு நீளும், கத்தி நறுக்கும். வேலை செய்யாமலேயே பாதிக் கயிறு துண்டு துண்டாகத் தரையில் கிடக்கும். அந்தத் துண்டுகள் வாய்க்காலுக்குப் போகும், இல்லையென்றால் மாட்டுத் தீவனத்துக்குப் போகும்.

இதற்கு உரிய இடம் வீட்டுத் தோட்டம். கும்பகோணத்தில் வீட்டைச் சுற்றி நாலு சென்ட் புல், கோயில் நந்தவனம், பள்ளிக்கூட வளாகம் என்று உலர்ந்த தரையில், அரைமணி நேர வேலைக்கு, பேட்டரி மெஷினில் இது சுகமானது. வயதானவர்களும், தட்டிப் பழக்கமில்லாதவர்களும் நிம்மதியாக ஓட்டலாம்.

## துண்டுக் கயிறு மாட்டும் ஹெட்

ஸ்பூல் இல்லை, ஸ்பிரிங் இல்லை, குமிழ் இல்லை. ஒரு கனமான வட்டு, அதில் ஓட்டைகள் அல்லது பிடிப்புகள். அளவாக நறுக்கிய கயிற்றைச் செருகிக்கொள்ள வேண்டியதுதான். தேய்ந்தால் மெஷினை நிறுத்தி, பழைய துண்டை உருவிவிட்டு, புதிதை மாட்ட வேண்டும். தானாக எதுவும் வராது.

பழைய காலத்துச் சமாச்சாரம் என்று கடைக்காரர்கள் இதை ஒதுக்குவார்கள். பழையதுதான். 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுற்றும் நைலான் பிரஷ்களைப் பார்த்துவிட்டு, பாப்கார்ன் டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு மீன்பிடி தூண்டில் நரம்பை மாட்டிச் சுற்றவிட்டார். நைலானால் புல் வெட்டும் கருவி அங்கேதான் ஆரம்பித்தது. தேய்ந்தால் மாற்றி மாட்டு என்பதுதான் அதன் ஏற்பாடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஈர வரப்பில் நிற்கிறவருக்கு நான் சிபாரிசு செய்வது இந்த ஹெட்டைத்தான். களி போய் அடைக்க உள்ளே எதுவும் இல்லை. வாய்க்கால் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் சுத்தம். கயிறு உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும் பிரச்சினையே எழாது. இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் பொருந்துமானால் 3 மி.மீ. அல்லது அதற்கு மேலான தடித்த கயிறு போடலாம்; முற்றிய கோரைக்கு அது நன்றாகக் கேட்கும். கத்தி நறுக்கி வீணாகும் துண்டுகளும் மிகக் குறைவு. கார்டில் உள்ள கத்தியைத் தாண்டாத நீளத்தில் துண்டுகளை வெட்டிக்கொண்டால் ஏறக்குறைய இல்லவே இல்லை.

குறையும் உண்டு. நிறுத்தி மாட்டும் நேரம் முதல் குறை. காலையில் கிளம்பும்போதே துண்டுகளை ஒரே அளவில் நறுக்கி, ரப்பர் பேண்டு போட்டு இடுப்பில் செருகிக்கொண்டால் அது பாதியாகக் குறையும். தேய்ந்த துண்டுகளையும் அதே பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். இரண்டாவது, ஒரு பக்கக் கயிறு மட்டும் அறுந்தால் ஹெட் ஆட ஆரம்பிக்கும், கை மரத்துப்போகும். அப்படியே ஓட்டாமல் உடனே நிறுத்தி இரண்டையும் மாற்றிவிடுங்கள். செங்கல், வேலிக்கம்பி நிறைய உள்ள இடத்தில் கயிறு அடிக்கடி அறும். அங்கே இந்த ஹெட் பொறுமையைச் சோதிக்கும்.

இந்த ஹெட்டில்தான் ஆபத்தான ஒரு பழக்கமும் நுழைகிறது. ஓட்டை பெரிதாக இருக்கிறதே என்று நைலானுக்குப் பதில் பைக் கிளட்ச் ஒயரையும் கட்டுக்கம்பியையும் மாட்டி ஓட்டுகிறார்கள். மேலே சொன்ன நுனி வேகத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வேகத்தில் அறுந்து பறக்கும் இரண்டு அங்குலக் கம்பி ஆளைக் கொல்லும். பக்கத்து வயலில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அது வருவது தெரியக்கூடத் தெரியாது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். செய்பவரைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.

## நிறுத்திக் கையால் இழுக்கும் ஹெட்

ஸ்பூல் உண்டு, ஆனால் தட்டினால் வராது. நிறுத்தி, அடியில் அழுத்தியோ திருகியோ கயிறை இழுத்துவிட வேண்டும். தட்டும் ஹெட்டின் வசதியும் இல்லை, துண்டுக் கயிறு ஹெட்டின் எளிமையும் இல்லை. மெஷினோடு வந்திருந்தால் தேயும்வரை ஓட்டலாம். காசு கொடுத்துத் தனியாக வாங்க நான் சொல்லமாட்டேன்.

## கயிறே வேண்டாம் என்றால்: பிளேடு

மாட்டுக்குப் புல் அறுப்பவர்களுக்கு என் பதில் இதுதான். இரும்பு பிளேடு போட்டுக்கொள்ளுங்கள், அல்லது அந்த வரப்பை மட்டும் அரிவாளால் அறுங்கள். நைலான் புல்லைக் கூழாக அடித்துத் தெறிக்கவிடும். பிளேடு அடியோடு வெட்டிச் சாய்க்கும், அள்ளுவதும் சுலபம். நாணல், காட்டாமணக்கு, கருவேலங்கன்றுக்கும் பிளேடுதான். கயிறுச் செலவு கிடையாது. சாணை பிடிப்பது மட்டும்தான்.

ஆனால் கல்லிலோ செங்கல்லிலோ பட்டால் மெஷின் ஒரு பக்கமாகத் தூக்கி அடிக்கும். சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது. தோப்பில் மரத்தின் அருகே பிளேடு கூடவே கூடாது.

## தென்னையும் வாழையும்: தனியாக ஒரு பேச்சு

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி நட்ட கன்றுகள் இன்று இளமரங்களாக நிற்கின்றன. அவற்றின் தூரைச் சுற்றிப் புல் வெட்டும்போது எந்த ஹெட்டாக இருந்தாலும் கவனம் வேண்டும். மாமரத்திலோ வேம்பிலோ சிறு காயத்தைப் பட்டை வளர்ந்து மூடிவிடும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. தண்டில் பட்ட காயம் அப்படியே இருக்கும். அந்தக் காயத்தின் வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். வெளியே தெரிவதற்குள் உள்ளே புழு குடைந்திருக்கும். வாழைக்கு இன்னும் மோசம், நைலான் ஒரு உரசு உரசினாலே மட்டை கிழிந்துவிடும். சொட்டுநீர்க் குழாய் போட்ட தோப்பில் குழாயும் அறும்.

அதனால் தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி மெஷின், அதற்குள்ளே கை. கன்று நட்ட முதல் சில ஆண்டுகளுக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வளர்ந்த மரங்கள் உள்ள உலர்ந்த தோப்பில் தட்டும் ஹெட்டும் 2.4 மி.மீ. கயிறும் போதும். அதற்குமேல் தடிமன் போட்டால் வேலை கூடாது, காயம்தான் கூடும்.

## ஒரே பார்வையில்

| | தட்டினால் வருவது | தானாக வருவது | துண்டுக் கயிறு | பிளேடு |
|---|---|---|---|---|
| ஈரக் களி வரப்பு | அடைத்துக்கொள்ளும் | அடைத்தால் திறப்பது கடினம் | நன்று | நன்று |
| கோடை வரப்பு, களம் | மிக நன்று | பரவாயில்லை | நன்று, நேரம் பிடிக்கும் | கல் இருந்தால் ஆபத்து |
| வளர்ந்த தென்னந்தோப்பு | மிக நன்று | சிறு பரப்புக்கு | பரவாயில்லை | தூருக்கு அருகே கூடாது |
| மாட்டுத் தீவனம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் | சரி |
| கயிறு விரயம் | தட்டுபவர் கையில் | அதிகம் | மிகக் குறைவு | இல்லை |
| பல கை மாறும் மெஷின் | சுற்றத் தெரிய வேண்டும் | வீட்டு உபயோகத்துக்கு | சரி | பழகிய ஆள் மட்டும் |

## என் சிபாரிசு

பழைய டெல்டாவில், நீடாமங்கலமோ பாபநாசமோ மயிலாடுதுறையோ, மூன்று நான்கு ஏக்கர் நெல் வைத்திருப்பவர் ஒரே ஹெட்டோடு வருடத்தை ஓட்ட நினைக்க வேண்டாம். தை அறுவடைக்குப் பிறகு உளுந்து, பயறு நிற்கும் காலத்திலும், தண்ணீர் வருவதற்கு முந்தைய கோடையிலும் தட்டும் ஹெட். ஆடி முதல் மார்கழி வரை துண்டுக் கயிறு ஹெட். இரண்டாவது ஹெட்டுக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய், சேறு அடைத்து வீணாகும் ஒரு நாள் கூலியில் திரும்பிவிடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் துண்டுக் கயிறு வாங்குங்கள். கோடையில் அது மெதுவாகவாவது வேலை செய்யும். தட்டும் ஹெட் மழையில் உங்களைக் கைவிட்டுவிடும்.

தோப்புக்காரர்களுக்குக் குழப்பமே இல்லை, திறக்காமல் கயிறு சுற்றும் வகைத் தட்டும் ஹெட். வீட்டு வாசலுக்கும் தோட்டத்துக்கும் பேட்டரி மெஷினில் தானாக வருவது.

கூலிக்கு ஆள் வைத்து வெட்டுபவர்கள் ஒன்றைப் பேசிக்கொள்ள வேண்டும். கயிறு யாருடையது? அவருடையது என்றால் மிச்சம் பிடிப்பதற்காகக் குட்டைக் கயிற்றிலேயே ஓட்டுவார், வேலை இழுக்கும். உங்களுடையது என்றால் தேவைக்கு மேல் தட்டுவார். நாள் கணக்காக இல்லாமல் வரப்பு நீளத்துக்குப் பேசினால் இரண்டு தொல்லையும் இருக்காது.

## கயிறும், வாங்கும்போது பார்க்க வேண்டியதும்

நல்ல ஹெட்டில் மட்டமான கயிறு போட்டால் எந்த வகையும் சரியாக வராது. நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் இருக்கும்வரை வளையும்; வறண்டால் மொறுமொறுவென்று உடையும். கடை வாசலில் வெயிலில் தொங்கிய சுருளை வாங்கிவந்து அப்படியே மாட்டினால் ஓட்டை வாயிலேயே ஒடிந்துகொண்டிருக்கும். விதைநெல்லை ஊறப்போடுவது மாதிரி முந்தின இரவு தண்ணீரில் போட்டுவிடுங்கள். காலையில் தொட்டாலே வித்தியாசம் தெரியும். மிச்சச் சுருளை நிழலில் வையுங்கள்.

தடிமன் விஷயத்தில் ஹெட்டில் அச்சிட்டிருப்பதை மீற வேண்டாம். 2.4-க்கு ஆன ஓட்டையில் 3 மி.மீ. கயிறைத் திணித்தால் நுழையும், ஆனால் தட்டும்போது வராது. வட்டக் கயிறு நீடித்து உழைக்கும். சதுரம், நட்சத்திர வெட்டுள்ள கயிறுகள் கூர்மையாக வெட்டும், சீக்கிரம் தேயும். நம் வரப்புக்கு வட்டமே போதும்.

கடைசியாக மரை. நேர்த் தண்டு பெட்ரோல் மெஷின்களில் பெரும்பாலும் 10 மி.மீ., 1.25 இடைவெளி உள்ள லெஃப்ட் த்ரெட் இருக்கும். அதாவது கழற்றும்போது கடிகாரம் சுற்றும் திசையில் திருக வேண்டும். வழக்கம்போல மறுபக்கம் திருகி இறுக்கியே மரையைக் கெடுத்தவர்கள் பலர். கியர் பாக்ஸில் உள்ள சின்ன ஓட்டையில் ஆலன் கீயைச் செருகித் தண்டைப் பூட்டிக்கொண்டு திருகினால் சுலபமாக வந்துவிடும். வளைந்த தண்டு மெஷின்களில் அளவு வேறாக இருக்கும். அதனால் படத்தைக் காட்டி வாங்காமல், பழைய ஹெட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். முடிந்தால் மெஷினையே எடுத்துப்போய், கடை வாசலில் மாட்டி, மூன்று நான்கு முறை தட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு கயிறு வருகிறதா என்று பார்த்தபிறகு பணத்தைக் கொடுங்கள்.